நாயகன் ஏன் மனதில் ஒட்டவில்லை?

கேள்வி: ரோல்பிளேயிங் கேம் (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம்) ஒன்றை 40 மணி நேரம் ஆடிவிட்டேன். கூட வரும் பாத்திரங்கள் அருமை. நாயகன் மட்டும் மரக்கட்டை. ஏன்?

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. நாயகனை எழுத்தாளர் முழுதாக எழுதவும் இல்லை, ஆடுபவர் கையில் விடவும் இல்லை என்றால் இப்படித்தான் ஆகும். ஃபால்அவுட் 4 (2015) தெளிவான உதாரணம். கடத்தப்பட்ட மகனைத் தேடு என்று கதை விரட்டுகிறது. இஷ்டம்போல் சுற்றவிடும் திறந்த உலகமோ குடியிருப்பு கட்டு, தகரம் பொறுக்கு என்கிறது. பெற்ற மனதின் பதைப்பு அங்கேயே கரைந்துவிடுகிறது. நாயகனுக்கு, ஆடுபவர் தேர்வுப்படி ஆண், பெண் என இரு பதிவுக் குரல்கள் வேறு. பதில்கள் நான்கு பொத்தான்களுக்குள் சுருங்கின. திரையில் "கிண்டல்" என்று மட்டும் தெரியும், என்ன பேசுவான் என்பது தெரியாது. பேசும் வரியை முழுதாகக் காட்டும் மோட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) கணினியில் உண்டு, கட்டாயம் போடுங்கள். அதே நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஸ்டார்ஃபீல்டில் (2023) நாயகனின் குரலையே எடுத்துவிட்டார்கள்.

டிஸ்கோ எலிசியம் (2019) இதற்கு நேரெதிர். நினைவிழந்த துப்பறிவாளனின் 24 திறன்களும் அவன் தலைக்குள் பேசி வாதாடும். ஆளை எழுதுவதென்றால் அதுதான்.

அடுத்த கேமில், முக்கியமான உரையாடலுக்கு முன் சேவ் செய்து, எல்லா விடைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். எதிரில் பேசுபவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தந்தால் அந்தத் தேர்வு வெறும் ஒப்பனை.