கயிற்றில் யார் பக்கத்தில்?

கோவையிலிருந்து ஒரு வாசகர்: ஆகஸ்டில் லடாக்கில் காங் யாட்ஸே-2 ஏறப் போகிறேன். குழுவில் ஏழு பேர், ஒருவரையும் எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் ஷூ, ஜாக்கெட் பேச்சுதான் ஓடுகிறது. கிளம்புவதற்கு முன் இவர்களோடு எப்படிப் பழகுவது?

பதில்: பிடித்த படம், பிடித்த சாப்பாடு எல்லாம் லேயில் உயரம் பழகுவதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களில் தானாகப் பேச்சில் வந்துவிடும். நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. உடம்புக்கு முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்கிற ஆளா, மறைக்கிற ஆளா?

லே நகரமே சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. உங்கள் சிகரம் ஏறத்தாழ 6,250. அந்த உயரத்தில் தலைவலி, பசியின்மை, குமட்டல் எல்லாம் வரலாம். வந்தால் மேலே ஏறாமல் அங்கேயே தங்கிப் பார்க்கலாம். நடை தள்ளாடினாலோ பேச்சு குழம்பினாலோ உடனே கீழே இறக்கியாக வேண்டும். இதில் சிக்கல், பாதிக்கப்பட்டவருக்கே அது பெரும்பாலும் உறைக்காது. பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். இயல்பிலேயே பேசாத ஆள் பேசாமல் வந்தால் ஒன்றுமில்லை. வழியெல்லாம் கலகலத்தவர் திடீரென்று அடங்கிவிட்டால் விசாரிக்க வேண்டும்.

குழுவில் யாராவது பக்கத்து ஊர்க்காரர் என்றால் மே மாதத்துக்குள் சேர்ந்து வெள்ளியங்கிரி ஏறுங்கள். ராத்திரியில் ஏறுங்கள். ஏறும்போது எல்லாரும் நல்லவர்கள்தான். ஏழாவது மலையைத் தொட்டுவிட்டு, தூக்கமில்லாமல், முட்டி நடுங்க, மூங்கில் கம்பை ஊன்றி இறங்கும்போது பாருங்கள்: யார் எரிந்து விழுகிறார், யார் கடைசி ஆளுக்காக நிற்கிறார் என்று. அடுத்தவர் பையையும் சேர்த்துச் சுமக்கிற வீரரை எனக்குப் பிடிக்கும். ஆனால் "முடியலைங்க, அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்கிறவரைத்தான், பனியில் ஏறும்போது எல்லாரையும் சேர்த்துக் கட்டும் கயிற்றில், என் பக்கத்தில் கட்டிக்கொள்வேன்.

தூரத்து ஊர்க்காரர்களுக்குப் போன் போடுங்கள், மெசேஜ் வேண்டாம். பிபி, சுகர், ஆஸ்துமா, சல்ஃபா மருந்து ஒவ்வாமை பற்றிக் கேளுங்கள் (உயரம் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரை போடுவதற்கு முன் அந்தக் கடைசி விஷயம் டாக்டருக்குத் தெரிய வேண்டும்). தயங்குகிறவரிடம் உங்கள் கதையை முதலில் சொல்லுங்கள். அப்புறம் ஒரு கேள்வி: "உச்சிக்குக் கொஞ்ச தூரம்தான் இருக்கு, லீடர் திரும்பச் சொல்கிறார், என்ன செய்வீங்க?" "இவ்வளவு பணம் கட்டியிருக்கேனே" என்று பதில் வந்தால் லீடரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.

அந்நியர்கள் என்று மிரள வேண்டாம். ஹிலாரியும் டென்சிங்கும் சந்தித்ததே 1953 எவரெஸ்ட் பயணத்தில்தான். கும்பு பனிப்பகுதியில் ஒரு பிளவைத் தாண்டிக் குதித்த ஹிலாரி, விளிம்பு உடைந்து உள்ளே விழுந்தார். டென்சிங் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உச்சிக்கு இவரோடுதான் போக வேண்டும் என்ற எண்ணம் ஹிலாரிக்கு அதன் பிறகு உறுதிப்பட்டது.

அதே வாசகர்: டென்ட்டில் குறட்டை விடுகிறவர் அமைந்துவிட்டால்?

பதில்: காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள். இன்னொன்று: அந்த உயரத்தில் தூங்கும்போது உங்களுக்கும் மூச்சு சில விநாடி நின்று, மறுபடி வேகமாக வரலாம். பலருக்கும் நடப்பதுதான். டென்ட் கூட்டாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரியில் உங்களை உலுக்கி எழுப்புவார்.