இரத்தத்தின் மீது பழி

கேள்வி: எதற்கெடுத்தாலும் ஆண்மையே நஞ்சு என்பதுபோல ஊடகங்கள் எழுதுகின்றன. வீரம் விளைந்த மதுரை மண்ணில் பிறந்தவனுக்கு முரட்டுத்தனம் இரத்தத்திலேயே வருவதல்லவா? அதைக் குற்றமாகப் பேசலாமா?
– வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: ஆணாகப் பிறந்த எல்லோரையும் ஒரே கூண்டில் ஏற்றும் எழுத்து தவறு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால், முரட்டுத்தனம் இரத்தத்தில் வருகிறது என்று எழுதியபோது உங்கள் ஊர்ப் பிள்ளைகளை அதே கூண்டில் நீங்களே ஏற்றிவிட்டீர்கள்.

கனடாவின் ரிச்சர்ட் டிரெம்ப்ளே, பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆய்ந்தவர். அடிப்பதும் கடிப்பதும் தள்ளிவிடுவதும் மிகுந்திருப்பது இரண்டு, மூன்று வயதில்தான் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. ஆண் ஹார்மோன் எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் அளவில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பெரிய வேறுபாடு இல்லாத வயது அது. அதன்பின் பெரும்பாலான பிள்ளைகள் கையை அடக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டிய நேரத்தில், "ஆம்பளப் புள்ளைன்னா அப்படித்தான்" என்று நாம் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறோம். 1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே அடியை, அதே சொற்களோடு திருப்பிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வீரத்தைச் சொன்னீர்கள். அலங்காநல்லூர் வாடிவாசலில் நிற்கும் இளைஞன் திமிலை மட்டுமே அணைய வேண்டும்; வாலைப் பிடிக்கக் கூடாது, கொம்பைப் பிடிக்கக் கூடாது, ஒரு மாட்டின் மீது இருவர் விழக் கூடாது. மீறினால் ஒலிபெருக்கியில் கண்டிப்பார்கள், களத்தை விட்டே வெளியேற்றுவார்கள். உயிருக்கே ஆபத்தான அந்த நொடியிலும் கைக்கு எல்லை வகுத்துக்கொள்ள முடிகிறவனால், வீட்டில் மனைவியின் முன் மட்டும் முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஊடகங்கள் மீது எனக்கும் குறை உண்டு; உங்கள் குறைக்கு நேர் எதிரானது. 'காதலை ஏற்க மறுத்ததால் ஆத்திரம்: மாணவிக்கு வெட்டு' என்று தலைப்பிடுகிறார்கள். அவள் மறுத்தது காரணமாகிவிடுகிறது. ஆத்திரமோ அவன் மீது தானாக வந்து இறங்கியதாகிவிடுகிறது. அவன் பல நாள் பின்தொடர்ந்ததும், அரிவாளை முதுகில் செருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்ததும் கடைசிப் பத்தியில் ஒதுங்கிக் கிடக்கும். காத்திருந்து வெட்டியதைக் கண நேரக் கோபம் என்று எழுதுவது பொய். அவள் முன்பே புகார் கொடுத்தாளா, புகாரை வாங்கிய காவல் நிலையம் என்ன செய்தது, அவன் பின்னால் அலைவது தெரிந்திருந்தும் அவனுடைய வீட்டார் ஏன் கண்டிக்கவில்லை என்று கேட்டு, அதை முதல் பத்தியிலேயே எழுதும்படி எங்கள் செய்தியாளர்களிடம் சொல்லிவருகிறேன்.