வீடு பாதி கட்டியாச்சு, சிபிலில் ‘தாமதம்’ வந்தாச்சு: தரகருக்குப் பணம் தர வேண்டுமா?

கேள்வி: வீடு கட்ட 40 லட்ச ரூபாய் கடன் அனுமதியானது. லிண்டல் மட்டம் வரை 18 லட்சம் தந்தார்கள். கான்கிரீட் போட ஜூன் 11 அன்று இன்னொரு 6 லட்சம் வந்தது. வட்டி 8.5 சதவீதம், இப்போதைக்கு வட்டி மட்டும்தான் கட்டுகிறேன். ஜூலை 5-ல் ரூ.17,000 எடுக்க வந்தபோது கணக்கில் ரூ.16,000தான் இருந்தது. 18-ம் தேதி கட்டிவிட்டேன். ஆனாலும் சிபில் (நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் நிறுவனம்) அறிக்கையில் தாமதம் என்று பதிவாகியிருக்கிறது. ரூ.15,000 கொடுத்தால் அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சிபிலில் இருப்பதை அழிக்கும் அதிகாரம் எந்தத் தரகருக்கும் கிடையாது. நீங்கள் இலவசமாகப் போடக்கூடிய அதே புகாரை, உங்கள் பான் எண்ணையும் ஓடிபியையும் வாங்கி, தன்னுடைய செல்போன் எண்ணைக் கொடுத்துப் போடுவார். அதன்பின் பதில் எல்லாம் அவருக்குத்தான் போகும்.

முதலில் வட்டிக் கணக்கைப் பாருங்கள். 18 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி ரூ.12,750. புதிதாக வந்த 6 லட்சத்துக்கு முழு மாத வட்டி ரூ.4,250, ஆனால் ஜூனில் அந்தப் பணம் உங்களிடம் இருந்தது 20 நாள்தான். அதற்குச் சுமார் ரூ.2,833. மொத்தம் ரூ.15,583. வங்கி கேட்டதோ முழு மாதக் கணக்கு. பணம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் வட்டி போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. சரியான தொகையைக் கேட்டிருந்தால் உங்கள் ரூ.16,000 போதும். கடன் கணக்கு அறிக்கையில் இது உறுதியானால், தவறு வங்கியுடையது.

18-ம் தேதி கட்டியும் ஏன் மாட்டியது? 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதம் இருமுறையாவது கடன் நிலவரத்தை சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் கட்டும் முன் பாக்கி நின்ற நிலவரம் அப்படியே போய்விட்டது.

வங்கிக்கும் சிபிலுக்கும் ஒரே நாளில் எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். வங்கிக்கு 21 நாள், மொத்தம் 30 நாள் அவகாசம். அதற்குமேல் இழுத்தால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. அதுவும் நகரவில்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போங்கள்.

இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள்: “என் ஸ்கோர் குறைந்துவிட்டது” என்று எழுதாதீர்கள். ஸ்கோர் எப்படிப் போடப்படுகிறது என்ற புகாருக்கு அந்த ரூ.100 விதி பொருந்தாது. புது வங்கி கடன் தர மறுத்தது என்ற புகாருக்கும் பொருந்தாது. “ஜூலை மாதத் தாமதப் பதிவு தவறு, காரணம் வட்டி கூடுதலாகக் கேட்கப்பட்டது” என்று மாதம், தொகை, தேதியோடு எழுதுங்கள். ஸ்கோர் என்ற சொல்லே வேண்டாம்.

சிபில் மட்டுமல்ல, அதைப்போலவே கடன் விவரம் வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் அறிக்கைகளையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம்.

ஒவ்வொரு கட்டப் பணமும் வரும்போது வட்டி மாறும் என்பது வங்கிக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பிரித்துக் காட்டி ஒரு குறுஞ்செய்தி அனுப்ப மனம் வராது. ஆகவே அடுத்த கட்டப் பணம் வரும் மாதத்தில், அந்தத் தொகையின் முழு மாத வட்டியையும் சேர்த்துக் கணக்கில் வைத்திருங்கள். தானாகப் பிடிக்கும் உத்தரவில் எழுதிய உச்சவரம்பு புதிய தொகைக்குப் போதுமா என்றும் கிளையில் கேட்டுவிடுங்கள்.