பழைய டாலர், முத்திரை விழுந்த நோட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் மாமனார் காலமான பிறகு, அவருடைய பெட்டியில் சில நூறு டாலர் நோட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஃபிராங்க்ளின் படம் சிறியதாக இருக்கிறது. இரண்டு நோட்டுகளில் சிறு முத்திரையும் பேனாக் கிறுக்கலும் உள்ளன. ஃபோர்ட் பகுதியில் ஒரு கடையில் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். இன்னொருவர் பாதி விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. அமெரிக்க அரசு 1861 முதல் வெளியிட்ட காகிதப் பணம் இன்றளவும் முகமதிப்புக்குச் செல்லும். படம் பெரிதாக்கப்பட்ட நூறு டாலர் நோட்டு 1996இலும், நீலப் பட்டை நெய்த நோட்டு 2013 அக்டோபரிலும் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் புதியது வந்ததால் பழையது மதிப்பிழக்கவில்லை. ஒரு கடைக்காரர் வாங்க மறுப்பது அவருடைய வியாபார முடிவு. நோட்டு செல்லுமா செல்லாதா என்று சொல்லும் அதிகாரம் அதை வெளியிட்ட நாட்டுக்கு மட்டுமே உண்டு.

அவர் ஏன் மறுக்கிறார் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். உங்களிடம் வாங்கிய நோட்டை அவர் நாளை வெளியூர் செல்லும் ஒரு பயணிக்கு விற்றாக வேண்டும். அந்தப் பயணி பழைய நோட்டையோ கறைபட்ட நோட்டையோ கையில் வாங்கவே மாட்டார். மேலும், சிறிய படமுள்ள நூறு டாலரை அச்சு அசலாகப் போலச் செய்த உயர்தரக் கள்ளநோட்டுகள் 1980களின் இறுதியிலேயே பிடிபட்டதால், அந்த வரிசையைக் கண்டாலே நாணயமாற்று வணிகர்களுக்குத் தயக்கம் உண்டு. நீங்கள் சொல்லும் சிறு முத்திரையோ, பெரும்பாலும் ஆசிய, ஆப்பிரிக்கத் துறைமுக ஊர்களில் ஒரு வணிகர் நோட்டைச் சோதித்து நல்லது என்று கண்டு குத்திய அடையாளமாக இருக்கும். நல்ல நோட்டு என்பதற்குச் சாட்சியாக வைத்த குறியே இன்னொரு ஊரில் அதை ஒதுக்கக் காரணமாகிவிடுவது வருத்தத்துக்குரியதுதான்.

முதலில், அந்நியச் செலாவணி வணிகம் நடத்தும் வங்கிக் கிளை ஒன்றிலும், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணயமாற்று நிறுவனங்கள் இரண்டு மூன்றிலும் கேட்டுப் பாருங்கள். பழைய வரிசை என்பதற்காக விலையைச் சற்றுக் குறைப்பதை ஒப்புக்கொள்ளலாம். பாதியாகக் குறைப்பது உங்கள் அறியாமைக்குப் போட்ட விலை என்றே நான் கருதுகிறேன். ரசீது தராதவரிடம் விற்பது சட்டப்படி உங்களையும் சிக்கலில் மாட்டிவிடும். அவசரம் இல்லையென்றால், குடும்பத்தில் எவரேனும் அமெரிக்கா செல்லும்போது, அனுமதிக்கப்பட்ட பயணத் தொகைக்குள் அவற்றைக் கொண்டு சென்று, அங்கு வங்கிக் கணக்கு வைத்திருக்கும் உறவினர் உதவியுடன் வங்கியிலேயே மாற்றிக்கொள்வதுதான் நல்ல வழி. கிழிந்தோ கரையான் அரித்தோ போன டாலர் நோட்டுகளுக்கு, பாதிக்கு மேல் அடையாளம் காணும்படி மிஞ்சியிருந்தால், வாஷிங்டனில் உள்ள அரசு நோட்டு அச்சகம் ஆய்வு செய்து முழு மதிப்பும் தருகிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டு நோட்டுகளாகப் பொதுவாக 2,000 டாலர் மதிப்பு வரையில்தான் கையில் வைத்திருக்கலாம். பெட்டியில் கிடைத்தது அதைத் தாண்டினால், மாமனாரின் பணி ஆவணங்களையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குச் சென்று, பணம் வந்த விதத்தை எழுத்துமூலம் விளக்கிவிடுங்கள்.

கேள்வி: லண்டனில் படித்துத் திரும்பிய என் மகனிடம் காகிதத்தால் ஆன 20 பவுண்டு நோட்டுகள் உள்ளன. 2,000 ரூபாய் நோட்டை மாற்றித் தந்ததைப் போல மும்பை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் இவற்றையும் மாற்றித் தருவார்களா?
– வாசகர், செம்பூர்

பதில்: தரமாட்டார்கள். ரிசர்வ் வங்கி தான் வெளியிட்ட இந்திய நோட்டுகளுக்கு மட்டுமே பொறுப்பு. காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பர் 30ஆம் தேதியுடன் கடைகளில் செல்லுபடியாகும் தகுதியை இழந்துவிட்டதால், இங்குள்ள நாணயமாற்றுக் கடைகளும் அவற்றைத் தொடமாட்டா. ஆனால் தான் வெளியிட்ட எந்தப் பழைய நோட்டையும் காலவரம்பு இல்லாமல் மாற்றித் தருவதாக இங்கிலாந்து வங்கி உறுதி கூறியிருக்கிறது. லண்டன் திரெட்நீடில் தெருவில் உள்ள அதன் அலுவலகத்தில் நேரிலும் கொடுக்கலாம், அடையாளச் சான்றுகளுடன் தபாலிலும் அனுப்பலாம். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுப் பணத்தைத் தபாலில் அனுப்புவதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் இருப்பதால், மகன் அடுத்த முறை செல்லும்வரை பத்திரமாக வைத்திருப்பதே என் யோசனை.

கேள்வி: குவைத்தில் இருபது ஆண்டுகள் வேலை செய்தேன். பழைய தினார் நோட்டுகள் இப்போதும் செல்லுமா?
– வாசகர், தாராவி

பதில்: எந்த வரிசை என்பதைப் பொறுத்தது. 2014இல் வெளிவந்த ஆறாவது வரிசை நோட்டுகளுக்குத் தடையில்லை. அதற்கு முந்தைய ஐந்தாவது வரிசை 2015 அக்டோபரில் புழக்கத்திலிருந்து நீங்கியது. குவைத் மத்திய வங்கியில் அதை மாற்றிக்கொள்வதற்குக் கொடுத்த கெடு 2025 ஏப்ரல் 18ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 1990இல் ஈராக் படையெடுத்தபோது புழக்கத்தில் இருந்த வரிசையும், கொள்ளை போன நோட்டுகள் பெருமளவில் கலந்துவிட்ட காரணத்தால், விடுதலைக்குப் பின் ரத்து செய்யப்பட்டது. இவற்றை இனி நாணயச் சேகரிப்பாளர்களிடம் மட்டுமே கொடுக்க முடியும். உழைத்துச் சேர்த்த பணம் இப்படிப் பெட்டிக்குள்ளேயே மதிப்பிழப்பதைக் கேட்க வேதனையாக இருக்கிறது. வளைகுடாவிலிருந்து திரும்பும் நண்பர்கள் மிச்சமுள்ள நோட்டுகளை உடனே மாற்றிவிட வேண்டும்.

கேள்வி: ஜெர்மன் மார்க் நோட்டு ஒன்று உள்ளது. பயன் உண்டா?
– வாசகி, சயான்

பதில்: உண்டு. ஜெர்மனியின் மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற நிலையான விகிதத்தில், கெடு எதுவும் இன்றி மாற்றித் தருகிறது.

கேள்வி: வியாபார நிமித்தம் கிழக்கு ஆப்பிரிக்கா செல்கிறேன். டாலர் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், முலுண்டு

பதில்: ஒவ்வொரு நோட்டிலும் அச்சிடப்பட்டுள்ள வரிசை ஆண்டைப் பாருங்கள். அங்குள்ள பல கடைகளும் விடுதிகளும் 2006க்கு முந்தைய வரிசைகளை வாங்குவதில்லை. மை, முத்திரை, மடிப்பில் விழுந்த கிழிசல், ஊசித் துளை ஆகியவை இல்லாத நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்வது உங்கள் உரிமை. ரசீதையும் பாஸ்போர்ட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் டாலரைத் திரும்பி வந்து விற்கும்போது அது தேவைப்படும்.