ஏஎம்வி மட்டும் பிடித்தால் தப்பில்லை

ஈரோடு–கோவை ரயிலில் ஏஎம்வியாக (அனிமே எனும் ஜப்பானிய கார்ட்டூன் காட்சிகளைப் பாட்டுக்கு ஏற்ப வெட்டி ஒட்டிய வீடியோ) பார்க்கிறேன், முழு அனிமே தொடரோ மூன்றாம் பாகத்திலேயே சலிக்கிறது, நான் ரசிகன் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. ரசிகர்தாங்க, சந்தேகமே வேண்டாம். 1982இலேயே அமெரிக்க ரசிகர் ஒருவர் இரண்டு வீடியோ ரெக்கார்டர்களை இணைத்து, பாட்டுக்குக் காட்சிகளை வெட்டி ஒட்டினார். அது தனிக் கலை. தாளம் விழும் இடத்தில் வாளும் விழ வேண்டுமென்று யாரோ ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஆனால் உச்சக் காட்சிகளையே பார்த்துப் பழகியதால், தொடரின் நிதானம் உங்களுக்கு இழுவையாகத் தெரிகிறது. ஏஎம்வியில் ஒரு பாத்திரம் அழுகிறதென்றால், அந்த அழுகை எதற்கென்று தொடரைப் பார்த்துத் தெரிந்தபின் அதே வீடியோவைப் பாருங்கள், தொண்டை அடைக்கும். 'கவ்பாய் பீபாப்' என்ற அனிமே தொடரில் ஆரம்பியுங்கள்; 26 பாகம்தான், பெரும்பாலும் தனித்தனிக் கதை. ரயிலில் ஈரோட்டில் போட்டால் திருப்பூர் வருவதற்குள் ஒரு பாகம் முடிந்துவிடும்.