ஐந்து மாதக் கழுத்து வலி இரண்டே முறையில் தீருமா?

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். 5 மாதங்களாகக் கழுத்து வலி. மத்திய கைலாஷ் சிக்னலில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க, கழுத்து திரும்பாமல் உடம்போடு திரும்ப வேண்டியிருக்கிறது. பத்து நாள் வலியோடு கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும்) சிகிச்சைக்குப் போன தோழி இரண்டே முறையில் குணமடைந்துவிட்டார். எனக்கும் அப்படிக் குணமாகுமா?

– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் வலியையும் தோழியின் வலியையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம். பத்து நாள் வலி பெரும்பாலும் தானாகவே தணியத் தொடங்கும். ஆகவே அவருக்குக் கிடைத்த நிவாரணத்தில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, உடல் தானே சரிசெய்துகொண்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. 2 முதல் 12 வாரங்கள் வரை வலி இருந்த 272 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை மருந்தைவிடக் கூடுதல் நிவாரணம் அளித்தது. ஆனால் ஒரு மணி நேர வகுப்புகள் இரண்டில் பயிற்சியைக் கற்று வீட்டிலேயே செய்துவந்தவர்களும் ஏறக்குறைய அதே பலனைப் பெற்றார்கள். உங்கள் 5 மாதம் அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

12 வாரங்களைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் தூக்கம் கெட்டிருக்கும், கழுத்தின் உட்தசைகள் வலுவிழந்திருக்கும், திருப்பினால் வலிக்குமோ என்ற அச்சமே கழுத்தை விறைப்பாக வைத்திருக்கும். மூட்டில் சொடக்கு விழுந்ததும் இவை மாறிவிடுவதில்லை. நாள்பட்ட வலியும் குறையும், நம்பிக்கை இழக்காதீர்கள். ஆனால் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளை வாரக்கணக்கில் விடாமல் செய்வதே அதற்கு முக்கியம் என்பது என் கருத்து.

சிகிச்சைக்குச் செல்லும்போது, வலி 5 மாதமும் இடைவிடாமல் இருந்ததா, விட்டுவிட்டு வந்ததா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விட்டு மீண்டும் வருவது கழுத்து வலியின் இயல்பு என்பதால், நாள்பட்ட வலியா இல்லையா என்ற கணக்கு அதற்கேற்ப மாறும். சில முறை சென்றும் மாற்றமே தெரியாவிட்டால், அதையே நீட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கை மரத்துப்போதல், சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் கழுத்தைத் திருப்பும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னர் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இதுவரை இல்லாத கடும் வலி திடீரென வந்து, தலைச்சுற்றலோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால், நாள் கணக்கு பார்க்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.