தங்கள் சிற்றிதழ்ச் சேகரிப்பின் எதிர்காலம் குறித்து

ஐயா, நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த சிற்றிதழ்கள் தங்கள் காலத்துக்குப் பின் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுமோ என்றும், அப்படியானால் வாழ்ந்ததற்கு என்ன அடையாளம் என்றும் கேட்டிருந்தீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள், அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக உருப்பெற்றன. ஆயினும் அத்தகைய நல்வாய்ப்பை நம்பிக் காத்திருப்பது சரியன்று என்பது என் கருத்து. இதழின் பெயர், ஆண்டு, எண் வாரியாக இப்போதே பட்டியல் எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொன்றும் எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் குறித்து வையுங்கள். அது தங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி (பிள்ளைகளும் ஒருவேளை அதைத்தான் முதலில் படிப்பார்கள்). சேகரிப்பை ஒரு நூலகத்துக்குக் கொடையாக அளிப்பதானால், அதை வாழும்போதே முடிப்பது நல்லது. உயில்தான் எழுதுவதென்றால் இரு சாட்சிகளின் கையொப்பம் கட்டாயம், பதிவு கட்டாயமன்று.